மொச்சைக்கொட்டைக் குழம்பும் மூளையின் முரண்டும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் வீரராகவன் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, முன்வரிசைப் பாயை மாலையிலேயே பிடித்துவிட்ட தாய்மார்களே, கொரட்டூர் ஏரிக்காற்றோடு கொசுவையும் பொறுத்துக்கொண்டிருக்கும் இளங்காளைகளே, ஆவடியில் வேதியியல் கற்பிக்கும் இந்த உத்தமனின் வணக்கம்.

பேச்சு முடிந்ததும் சுண்டல் என்று அறிவித்துவிட்டார்கள். இன்னும் யார் வாயிலும் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அண்டா மூடி நகர்ந்த ஓசைக்கே உங்கள் முகமெல்லாம் மலர்ந்ததே, ஏன்? என் தமிழுக்கா மலர்ந்தது? மூளையிலே டோபமின் என்றொரு வேதிப்பொருள். நல்லது வரப்போகிறது என்றால் முந்திக்கொண்டு முரசறையும். பசிக்குச் சோறா, பிள்ளையின் சிரிப்பா, மனையாளின் கனிவா, எல்லாவற்றையும் நம்மை நாடவைப்பதில் அதற்குப் பெரும்பங்கு.

என்ன, பின்வரிசையில்? "சுண்டல் ஆறிடும், சீக்கிரம் சொல்லு நைனா" என்கிறாரா ஒருவர்? பாருங்கள், முரசு அங்கேதான் பலமாக ஒலிக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் மதுரைவீரன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அதோ, தூணோரம் தலைகுனிந்து சிரிக்கிறார். வேலை விட்டதும் ஒயின்ஷாப்புக்குப் போவார். போதை என்ன செய்யும்? டோபமினை வெள்ளமாய்த் திறந்துவிடும். வெள்ளம் பார்த்துப் பழகிய மூளை வீட்டுக் குழாய்த் தண்ணீரை மதிக்குமா? சோறு சுவைக்காது, சுற்றம் சுவைக்காது, சொந்தப் பிள்ளையின் மழலையும் சுவைக்காது!

தினமும் தட்டைத் தள்ளுவார். "இன்னாடி கொயம்பு இது, சப்புனு கீது?" துணைவியார் வேம்புலியம்மாள் மிளகாயை மாற்றினார், மளிகைக் கடையை மாற்றினார். பழுது அம்மியில்தான் என்று தீர்ப்பளித்த மதுரைவீரன், ஆள் பிடித்து அம்மியையும் கொத்தவைத்தார். அப்போதும் சப்பென்றே இருந்தது.

"ஊட்டுக்கு வரசொல்லோ நாக்க கயட்டி கடையிலயே வெச்சிட்டு வர்றியா?" என்று கேட்டார் அம்மையார். கேட்டுக் கேட்டு மனம் வெறுத்தார். இந்த ஆடியில் கூழ் வார்த்து முடிந்ததும் பிள்ளையோடு வானகரம் தாய்வீட்டுக்கே போய்விடுவது என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டார்.

அதே ஆடியில் மதுரைவீரன் அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். கையில் காப்பு இருக்கும்வரை கடைப்பக்கம் தலைவைக்கக் கூடாது. வாரங்கள் போயின, வெள்ளம் வடிந்தது. கூழ் வார்த்த ஞாயிறன்று மொச்சைக்கொட்டைக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டு வைத்தார்.

"இன்னா போட்ட இதுல?"

"எப்பவும் போடறதுதான்."

"அப்போ இத்தினி வருசமா?"

"இத்தினி வருசமாவும் இதே கொயம்புதான்யா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார் ஐயா, அந்த மனிதர். காப்பை அவிழ்க்க வந்த பூசாரியிடம் கையை நீட்டவில்லை. "அண்ணாத்தே, இது இருந்துட்டு போவட்டும்" என்றார். அம்மையார் பெட்டியைத் திறந்து, பிள்ளையின் சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

மாறியது மிளகாயா? மாறியது மளிகையா? மாறியது அம்மியா? இல்லை, இல்லவே இல்லை. மாறியது மூளை!

தோழர்களே, உங்கள் வீட்டிலும் உங்களுக்காக ஒரு குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுவைக்கத் தெரிந்த மூளையோடு வீடு போய்ச் சேருங்கள். கொசுக்கடியிலும் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.