ரோஜரின் மகன் ரோஜர்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நர்ஸ் உடுப்பில் இரண்டு பெண்கள். அல் குசைஸ் வருவதற்குள் இளையவள் நாலு தடவை போன் போட்டுவிட்டாள்; யாரும் எடுக்கவில்லை.

“அந்த இங்கிலீஷ்காரப் பிரபுவோட வாரிசையே ஒழிச்சுட்டேன்க்கா.”

“எந்தப் பிரபு?”

“பாப்பாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். அந்தக் காலத்து ரோஜர் பிரபுவோட வம்சத்தைச் சார்ட்டுல வரையணும். காலைல பாத்தா, ரோஜருக்கு மகனும் ரோஜர்னு எழுதியிருக்கா. உயிரோட இருக்க அப்பன் பேரை யாராவது பிள்ளைக்கு வைப்பாங்களா? தெரியாம ரெண்டு தடவை எழுதிட்டான்னு வெள்ளை மை வச்சு அழிச்சுட்டேன்.”

“தாத்தா பேரைத்தான வைப்போம்.”

“அவங்க அப்பன் பேரையே வைப்பாங்களாம். இப்பத்தான் நெட்ல பாத்தேன். கோட்டை கட்டுனது, ராஜாவை எதிர்த்து ஜெயிலுக்குப் போனது எல்லாம் நான் அழிச்ச ரோஜர்தான். முத பீரியட்லயே அவ எந்திரிச்சுப் பேசணும்.”

ஐந்தாவது தடவை பள்ளி ஆபீஸில் எடுத்தார்கள். மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னவள், அவர்கள் எதையோ கேட்டதும், போனைக் கையால் பொத்தி மூத்தவளிடம் நீட்டினாள்.

“பிள்ளை பேர் கேக்காங்க. நீங்க சொல்லுங்கக்கா.”

“உம் மக பேரை நீ சொல்லேன்.”

“அது எங்க மாமியா பேரு. என் வாயில வராது.”

“எனக்கு அவளைப் பாப்பான்னுதானடி தெரியும்!”

இளையவள் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள்.