மாயா ஏன் எழுந்திரிக்கல

அதத் தான் சொல்றேன் மிஸ்ஸு, அந்த ஃபாரத்துல பேனாவ வெக்கிறதுக்கு முன்னாடி நா சொல்றத ஒரு நிமிசம் கேளுங்கோ. நீங்கோ இந்த ஸ்பெசல் ஸ்கூலுக்கு வந்தே ரெண்டு வாரம் தான் ஆவுது. நேத்து எங்ககூட எண்ணூருக்கும் வரல. பெரிய டீச்சர் ஃபாரத்த நீட்டி, "மாயாவ இனிமே வெளிய இட்டுகினு போறது சரிப்படாதுனு எழுதிடு"ன்னா, உடனே எழுதிர்றதா? நா இங்க பதினோரு வருசமா ஆயா. என்ன ஒரு வார்த்த கேட்டாங்களா?

எல்லாம் அந்த நீலமேகத்தால வந்தது. வேன் ஓட்ட சொன்னா வேன் மட்டும் ஓட்டணும். நம்ம புள்ளைங்க காதுக்கு சத்தம் ஆவாதுனு தெரிஞ்சிகினே, கண்டெய்னர் லாரிக்காரனோட போட்டி போட்டு ஆரன் அடிக்கிறான். மாசாமாசம் இதே பேஜாரு. அப்பறம் அந்த சேறு... பறவ பாக்கப் போறோம்னு பேரு, என் செருப்பு ஒண்ணு அங்கியே பூட்ச்சு. போன தீவாளிக்கு வாங்குனது. முட்டி வலி வேற. சரி உடுங்கோ, செருப்பப் பத்தியா பேச வந்தேன்.

மாயா. பன்னெண்டு வயசு, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாது. ஆனா படா உஷாரு. அது இடுப்புல ஒரு பட்ட கட்டி உட்டுருக்கோமே, பாத்தீங்கோ இல்ல? அதுல வரிசையா படம் ஒட்டி கீது. மொதல்ல வேன், அப்பறம் கொக்கு, நண்டு, பிஸ்கோத்து, கடைசியா வூட்டுக்குப் போறதுக்கு மறுபடியும் வேன். ஒண்ணு முடிஞ்சா அந்தப் படத்த பர்ருனு பிச்சி பையில போட்டுக்கும். அடுத்த படம் இன்னாவோ, அது தான் அடுத்த வேல. கலெக்டரே வந்து கூப்ட்டாலும் படத்துல இல்லாதத அது செய்யாது.

நேத்து எல்லாம் ஒழுங்கா தான் நடந்துச்சு. முகத்துவாரத்தாண்ட, தண்ணியிலயே வேர உட்டுகினு நிக்குமே அந்த செடிங்க, அதுங்க ஓரமா குந்திகினு கொக்கு பாத்துச்சு. வளையில இருந்து நண்டு எட்டிப் பாத்தா இதுவும் தலைய சாய்ச்சு பாக்குது. நண்டு உள்ள பூந்துகிச்சுனா சிரிக்குது, சத்தமா. இங்க கிளாஸ்ல வருசம் பூரா அது சிரிச்சு நா பாத்தது இல்ல மிஸ்ஸு. அங்க போனா தான் சிரிக்கும்.

பிஸ்கோத்து துன்னாச்சு, மத்த புள்ளைங்க வேன்ல ஏறியாச்சு. மாயா மட்டும் எழுந்திரிக்கல. பட்டையப் பாக்குது, தடவுது, மறுபடியும் பாக்குது. அப்பறம் ஒரே கத்தல். தண்ணி வேற ஏறிகினு வருது. பெரிய டீச்சர் கெஞ்சுறாங்கோ. நீலமேகம் தூக்கப் போனான், கையில ஒரு கடி கடிச்சுச்சு பாருங்கோ, அதுக்கு அவன் ஊரையே கூட்டிட்டான். முக்கா மணி நேரம். அப்பறம் நா போயி பக்கத்துல குந்தி, முந்தானையால மறைச்சிகினு இன்னாவோ பண்ணேன். டக்குனு எழுந்து போயி வேன்ல குந்திகிச்சு. பெரிய டீச்சர் என் கையப் புடிச்சிகினு, "கெங்கம்மா, உன்ன மாதிரி யாருக்கும் வராது"ன்றாங்கோ. நானும் இளிச்சிகினு நின்னேன்.

இன்னா பண்ணேன்னு கேக்கவே மாட்டேன்றீங்களே... கேட்டா தான் இன்னா.

படத்த திரும்பி ஒட்டுனேன். கடைசி வேன் படத்த. எடுத்தவளும் நான் தான்.

மூஞ்ச அப்பிடி வெச்சிக்காதீங்கோ, சொல்லிட்றேன். அங்க பொம்பளைங்கோ இடுப்பளவு தண்ணியில, பறிக்கூடைய வாயில கவ்விகினு, ரெண்டு கையாலயும் சேத்த தடவி எறா புடிப்பாங்கோ. உயிரோட துள்ளும். மார்க்கெட்டு ஐஸ்ல கெடக்குமே, அது மாதிரி இல்ல. வூட்டுக்கு கொஞ்சம் வாங்கலாம்னு அதுல ஒரு அம்மாவ கேட்டேன், கரையேற பத்து நிமிசம் ஆவும்னுச்சு. பெரிய டீச்சரோ வாட்ச்சயே பாத்துகினு கீறாங்கோ. மாயா எழுந்துகினா வேன் கெளம்பிடும். படம் இல்லன்னா இன்னும் கொஞ்ச நேரம் நண்டு பாத்துகினு ஜாலியா கெடக்கும்னு நெனச்சி, பிஸ்கோத்து குடுக்கறப்ப அந்தக் கடைசி வேன் படத்த பிச்சி ஜாக்கெட்டுல சொருவிகினேன். பட்ட பூரா சேறு, ஒண்ணு கொறையுதுனு யாரும் கவனிக்கல. பத்து நிமிசத்துக்கு தான் மிஸ்ஸு, சத்தியமா. அது இப்பிடி பயந்து பூடும்னு எனக்குத் தெரியல. எறாவ வாங்கிகினு திரும்பறேன், புள்ள கத்திகினு கீது, சுத்தி அத்தினி பேரு. எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போவட்டும்னு நின்னேன். எனக்கு வெக்கம், அதுக்கு நரகம்.

எறாவ தொக்கு தான் பண்ணேன். ஒரு வாய் எறங்கல. டப்பாவோட கொண்டாந்து பெரிய டீச்சருக்கே குடுத்துட்டேன். நல்லா வழிச்சி துன்னுட்டு, கைய கழுவிகினு வந்து தான் உங்களாண்ட இந்த ஃபாரத்த குடுத்தாங்கோ.

சிரிப்பு வருதா, சிரிச்சிக்கோங்கோ. ஆனா எழுதுங்கோ. கெங்கம்மா படத்த திருடுனா, புள்ள மேல தப்பே இல்லனு எழுதுங்கோ, கீழ நா கையெழுத்து போடறேன். அடுத்த மாசம் எண்ணூருக்கு என்ன இங்கியே உட்டுட்டுப் போங்கோ. மாயாவ இட்டுகினு போங்கோ.