வலேரியன் பாப்பரசரின் இருபத்திரண்டு நாட்கள்

பாப்பரசரின் சடங்கு மேலங்கியை மடிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவ்வளவு கனம். ரோமில் பத்தொன்பது வருடம் சடங்கு அதிகாரியாக இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பழைய பாப்பரசர் இறந்ததும், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கதவடைத்து உட்கார்ந்த கர்தினால்கள் இரண்டு கட்சியாக நின்று ஒன்பது நாள் இழுத்தார்கள். உள்ளே போகும் சாப்பாடு ரொட்டியும் தண்ணீருமாகக் குறைந்ததும் அவர்களுக்கு ஞானம் வந்தது. சீக்கிரம் சாகக்கூடிய ஒருவரை உட்காரவைத்து, அதற்குள் பேரத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அன்செல்மோவைத் தேர்ந்தெடுத்தார்கள். காலில் ஆறாத புண்ணுள்ள கிழம். வலேரியன் என்று பெயர் சூட்டிக்கொண்டது. மொச்சைச் சாற்றைச் சத்தமாக உறிஞ்சும், காவலாளிகளிடம் ஆட்டு விலை பேசும். புண்ணும் ஆறத் தொடங்கிவிட்டதாக வைத்தியர் லத்தான்சியோ பெருமைப்பட்டார்.

அன்செல்மோ வெறும் திருத்தொண்டர். அவரைக் குருவாக்கி, ஆயராக்கி, பிறகுதான் முடிசூட்ட வேண்டும். மூன்றும் நீண்ட பூசைகள். முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. ஒத்திகையில், கர்தினால்கள் முன்னால் என்னிடம் கேட்டார்:

"ஏன்ப்பா தத்தேயோ, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு ஜோடனை கிடையாதே. பாதியைக் கழிச்சுடேன், கால் வலிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சடங்கு விதி இடம் கொடுக்காதுங்க, பரிசுத்த பிதாவே."

வைத்தியர் தனியாக வந்து கெஞ்சினார். "உக்காந்தபடியே செய்யட்டுமேய்யா. ஒரு வாய் தண்ணியாவது குடுங்க. இல்லேன்னா மனுஷன் தாங்கமாட்டார்."

"வைத்தியத்தை நீங்க பாருங்க. சடங்கை நான் பாத்துக்கறேன்."

மூன்றையும் ஒரே வாரத்தில் வைத்தேன். முடிசூட்டு மட்டும் ஏழு மணி நேரம். விதி கேட்காத இரண்டு ஊர்வலங்களைச் சேர்த்தது நான்தான். மூன்றாவது மணி நேரத்தில் புண் திறந்து காலுறை நனைந்தது. பூசைப் புத்தகத்தை நான் பிடித்திருந்தபோது என் பக்கம் சாய்ந்தார்.

"தத்தேயோ, நாக்கு ஒட்டிக்குது. ஒரே ஒரு வாய்."

நான் பக்கத்தைப் புரட்டினேன். அன்று மாலையே காய்ச்சல். ஆறு நாளில் போய்ச் சேர்ந்தார்.

ஆமாம், நான்தான் கொன்றேன். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்ததற்காக அல்ல, சடங்கின் மானத்துக்காக. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வந்தவர் திடகாத்திரமான ஆள், வேட்டைப் பிரியர். "சீக்கிரம் முடிப்பா, குதிரை காத்திருக்கு" என்றார். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன்.