பெரிய டிராக்டர் வேண்டாம்

துறைமுகத்துப் பக்கம் கடையில் டிராக்டர் பார்த்துவிட்டு, ஒரு புருஷனும் பெண்சாதியும் ராயபுரத்தில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"பெரிசு வாங்கினா பக்கத்து நெலத்தையும் வாடகைக்கு உழலாம்மே."

"பெரிசு வேணாம்யா. அது நம்ம கொயந்தைய சுத்தித் திரும்பாது."

"இன்னா சொல்ற?"

"அம்மை போட்டு செத்துப் பூட்டவள நெலத்துலதானே பொதைச்சோம்? அந்த எடம் வந்தா மாடு பயகி, தானா ஒதுங்கிப் போவுது. வண்டிக்கு இன்னா தெரியும்?"



"சரி, சின்னதே வாங்கறேன். ஓட்றவனுக்குத் தெரியணுமே, ஒரு கல்லு நட்டுடலாம்."

"பால் மறக்காத புள்ளைக்கு யாருயா கல்லு நடுவாங்க? உழறப்போ நானே அங்க குந்திக்கினு இருக்கேன்."

"எத்தினி வருசம் குந்துவே?"

"நீ உழற வரைக்கும்."