கொல்லை வேலிக்குப் புதுக் கட்டை

செல்லம்: …இல்லங்க, கட்டிக் கட்டி இனி அதுல கட்டறதுக்கே எடமில்ல. புதுசாத்தான் போடணும்.

காளியப்பன்: நல்லாத்தான இருக்கு? ரெண்டு எடத்துல பிரம்பு விட்டுப்போச்சு. இழுத்துக் கட்டினா நிக்கும்.

செல்லம்: நிக்குமா? எங்க, சும்மா கை வைங்க பாப்போம்.

காளியப்பன்: இதோ… அட… ஏ புள்ள, புடி புடி! மேல சாயுது!

செல்லம்: கை பட்டதுக்கே இந்தப் பாடு. காட்டுப்பன்னி முட்டினா? நேத்தும் வந்து மரவள்ளியத் தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்கு.

காளியப்பன்: அதுவும் பாவந்தான… இந்தப் பஞ்சத்துல அதுக்கு யாரு சோறு போடுவா?

செல்லம்: அப்ப ராத்திரிக்கு ஒங்க பங்க அதுக்கே வச்சிடறேன்.

காளியப்பன்: சரி சரி, அந்தப் பாராங் கத்திய எடு. நாலு மூங்கில் வெட்டிச் சொருகிடறேன்.

செல்லம்: மூங்கிலா? அடுத்த மழைக்கு மக்கிடும். வைரம் பாஞ்ச கட்டையா நடுங்க. பக்கத்து மலாய்க் கிராமத்துல, அந்தக் கம்பத்துல, பாக் மான்னு ஒருத்தர் வச்சிருக்காரு. நம்ம சேவலக் குடுத்தா தருவாரு.

காளியப்பன்: சேவலையா! விடியக்காலைல அதுதான என்னைய எழுப்புது…

செல்லம்: அது கூவி நீங்க என்னைக்கு எந்திரிச்சீங்க? வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக்கு மணி அடிச்சப்புறமும் நான்தான் உலுக்கணும்.

காளியப்பன்: அதுக்கில்ல… அந்தக் கட்டை நம்ம ஆயுசுக்கும் நிக்கும் புள்ள. அவ்வளவு எதுக்கு?

செல்லம்: ஏன், நாம இங்க நிக்க மாட்டமா?

காளியப்பன்: அது வந்து…

செல்லம்: வந்து?

காளியப்பன்: ரப்பர் வெல கெடக்குற கெடப்புல தோட்டத்துல பாதிப் பேருக்கு வேலை இல்ல. வேலு குடும்பம் மூட்ட முடிச்சோட சிம்பாங் ரெங்கம் ரோட்டுல போனத நீயே பாத்த. வேலை இல்லாதவங்கள தொரை கப்பல் ஏத்தி இந்தியாவுக்கே, ஊருக்கு அனுப்பறாரு. நாளைக்கு நமக்கும்…

செல்லம்: நம்மளப் போகச் சொன்னாங்களா?

காளியப்பன்: சொல்லல…

செல்லம்: அப்புறம்? நீங்களாப் போய்ப் பேர் குடுத்துட்டு வந்தீங்களா?

காளியப்பன்: …யாரு சொன்னா?

செல்லம்: தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி இருக்காரே, அவரு சம்சாரம் டொரத்தியம்மா. கெணத்தடியில வச்சு, "எப்ப செல்லம் கப்பல்?"னு கேக்குறாங்க. நான் முழிச்ச முழி இருக்கே… வாளியக் கயித்தோட உள்ள விட்டுட்டேன்!

காளியப்பன்: ஒனக்காகத்தான் புள்ள குடுத்தேன்.

செல்லம்: எனக்காகவா!

காளியப்பன்: தீவாளி அன்னைக்கு மொகத்த மூடிக்கிட்டு அழுதியே. அம்மா நெனப்பு வந்துடுச்சு, ஊருக்குப் போகணும்னு ஏங்கறான்னு…

செல்லம்: அட கெரகமே! அன்னைக்குப் பூரா ஊர்க் கதை பேசினது யாரு? இந்த மனுசன் கெளம்பிடுவாரு போலருக்கே, நான் வச்ச கொல்லைய விட்டுட்டுப் போகணுமேன்னு அழுதேன்.

காளியப்பன்: கொல்லைக்கா அழுத?

செல்லம்: பின்ன? அங்க நமக்கு என்ன இருக்கு? ஒங்க அண்ணன் வாசல்ல போய் நிக்கணும். இங்க வேலை இல்லாத நாள்லகூட கெழங்கு இருக்கு, கீரை இருக்கு. யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்.

காளியப்பன்: இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?

செல்லம்: நீங்க கேட்டீங்களா? …சரி, நானும் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

காளியப்பன்: சேவலக் குடுத்துட்டியா?

செல்லம்: அது குடுத்தாச்சு. கட்டையெல்லாம் வாழைக்குப் பின்னால கெடக்கு. இது வேற… நேத்துக் கிராணிகிட்டப் போயி, "நாங்க கப்பலுக்கு வரல, எங்க பேர எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டேன். ஒங்களக் கேக்காமத்தான்… என்ன, கோவமா?

காளியப்பன்: அட, அதான் சங்கதியா! கப்பல் கிட்ட வர வர எனக்கு மனசே வரல புள்ள. ஒனக்குத் தெரியாம இன்னைக்குக் காலைல நானும் போயி அதையேதான் சொன்னேன். அத ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் இந்த ஓட்ட வேலியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தேன்… கிராணி என்னடான்னா, "ஏண்டா, புருசனும் பொண்டாட்டியும் வீட்டுல பேசிக்கவே மாட்டீங்களா?"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. இந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு வந்தேன்!