பின்தொடை நரம்பும் பள்ளிக்கூட லோரியும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அண்ணன் சதாசிவம் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, ரப்பர் பால்வாளி கழுவிய கையோடு செமோரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றி வாசலில் நிற்கும் புந்தோங் இளைஞர்களே, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்!

போன ஆண்டு தோட்டத்து ஓட்டப் பந்தயத்தை மறந்துவிட்டீர்களா? மறக்க முடியுமா? முன்னால் பறந்த நம் கருப்பம்மாள், எல்லைக்கோட்டை நெருங்கும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். உடனே நம் ஐயாவு அண்ணன், "சுளுக்குலா இது! இழுத்தா சரியாப் போயிரும்" என்றார். ஒருவர் இழுத்தார், ஒருவர் உருவினார், ஒருவர் எண்ணெய் காய்ச்சினார். ஆளுக்கொரு வைத்தியம், கால் ஒன்றுதானே ஐயா! சிரிக்காதீர்கள் ஐயாவு அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அது சுளுக்கு அல்ல, பின்தொடை நரம்பு கிழிந்திருக்கிறது என்றார் ஈப்போ டாக்டர். அசைக்காமல் வைத்திருந்தால் ஆறியிருக்கும். நாம் இழுத்த இழுப்பில் இன்னும் கிழிந்தது. இன்றும் அவள் நொண்டிக்கொண்டுதான் பால்வெட்டுக்குப் போகிறாள்.

அந்தக் காலத்துப் போரில் எதிரியின் குதிரையைக் கொல்லாமல் பின்னங்கால் நரம்பை அறுத்துவிடுவார்களாம். உயிர் இருக்கும், கனைப்பு இருக்கும், ஓட்டம் இருக்காது! நம் தோட்டப் பள்ளிக்கும் அதுதான் நடந்தது. பள்ளியை மூடினார்களா? மூடவில்லை. வாத்தியாரை விரட்டினார்களா? விரட்டவில்லை. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வாங்கிய புது முதலாளி, பிள்ளைகளை ஏற்றிவந்த லோரியை மட்டும் நிறுத்தினார். நரம்பு அறுந்தது! பிள்ளைகள் வராவிட்டால் வரும் ஜனவரியில், புதுப் பள்ளியாண்டில், பள்ளி தானே மூடிக்கொள்ளும். யார்மீதும் பழி விழாது.

நாமோ மறுபடியும் சுளுக்கெடுக்கிறோம்! தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், கோயில் கமிட்டி ஒரு பக்கம், சர்ச் ஒரு பக்கம். ஒருவர் கூட்டிய கூட்டத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. இழுத்தது போதும்! வெளியே நிற்கிற மோட்டார் சைக்கிள்கள் யாருடையவை? நாளை முதல் அவைதான் நம் லோரி!

யாரது, பெர்னார்டா? "அண்ணே, வேலைக்குப் போற வழிதான். ரெண்டு புள்ளைங்கள நான் ஏத்திக்கிறேன்லா!"

கேட்டீர்களா? இன்னும் யார்? கையை உயர்த்துங்கள்! உயரட்டும், இன்னும் உயரட்டும்! அதோ, செல்லாயி அக்கா எழுந்துவிட்டார். "வருவீங்களா மாட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்கப்பா. விடியறதுக்குள்ள புள்ளைங்களக் குளிப்பாட்டி ரோட்டுல நிறுத்துறோம்."

வருவோம் தாயே! மழை வந்தாலும் வருவோம், மறித்தாலும் வருவோம், நாளையும் வருவோம், நாளை மறுநாளும் வருவோம்!

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இதற்குமேல் பேச நேரமில்லை; பெட்ரோல் போடவேண்டும். வணக்கம்!