ஊசி இறங்கிய பலகை

பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் முதலில் முந்தானையைத்தான் விரிக்கச் சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. புடவையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். கரையும் உடலும் சேருகிற இடத்தில் நகத்தால் கீறுவேன். சந்தேகம் வந்தால் ஊசி முனையால் இழையை நெம்புவேன். கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கி வைத்த புடவையைக் கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். நெசவாளர்கள் என்னைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயை இறுக்கிக்கொள்வார்கள். இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. தென்னேரிப் படகு விபத்தை நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள் என்று தெரியும். அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். அது விபத்து இல்லை. நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு ஆபீஸ் அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் பராங்குசம். சின்னக் காஞ்சிபுரத்தில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். பி.ஏ. வரை படித்தேன், தேறவில்லை. பட்டுக்கடையில் புடவை சோதிக்கிற வேலைக்குப் போனேன். என் தகப்பனார் அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, 'பையன் ஜவுளித் துறையில் பரீட்சை அதிகாரி' என்று சொல்லிவந்தார். பரீட்சை என்ற வார்த்தையாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஈடு கிடையாது. மனிதர்களிடமும் கண்டுபிடிப்பேன், அதற்குத்தான் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பாச்சாவிடம் மட்டும் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வந்த கஷ்டமெல்லாம் அதுதான்.

பாச்சா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தென்னேரியில் நிலம் நீச்சு உள்ளவன். இயந்திரம் என்றால் பைத்தியம். கிராமபோன் வாங்கியபோது முதல் தட்டை என்னைத்தான் வைக்கச் சொன்னான். மோட்டார் சைக்கிள் வாங்கியபோது முதலில் என்னைத்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். ஏனாத்தூர் தாண்டி ஒரு எருமையைக் கண்டு இருவரும் வாய்க்காலில் விழுந்தோம். 'உனக்கு அடி படலையே?' என்று கேட்டான், தன் முழங்கை ரத்தத்தைத் துடைக்காமலே. அப்படிப்பட்டவனை எப்படி வெறுப்பது, சொல்லுங்கள். நான் முயற்சி செய்தேன். அதிலும் தேறவில்லை.

ரமாமணி என் மாமா பெண். எனக்கு முறைப்பெண். அவள் பாவாடை கட்டுகிற காலத்திலிருந்து, 'பராங்குசத்துக்குத்தான்' என்று வீட்டில் எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். நான் பி.ஏ. தவறியதும் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. பேச்சு தானாக நின்றுபோனது, அவ்வளவுதான். பிறகு மாமா பாச்சாவுக்குக் கொடுத்தார். கல்யாணக் கூறைப்புடவையை நான்தான் சோதித்தேன். விளக்கடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பந்தியில் பாயசம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இவனுக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் நிம்மதி.

தென்னேரி ஏரியில் வாத்து சுட வருகிற வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் மோட்டார் படகு வைத்திருந்தார். அவர் சீமைக்குத் திரும்பியதும் படகு கரைக் கொட்டகையில் கிடந்தது. அதை விற்றுக்கொடுக்க மதராஸிலிருந்து ஒரு தரகர் வந்தார். பாச்சா அன்றே என் வீட்டுக்கு வந்துவிட்டான், ரமாவையும் அழைத்துக்கொண்டு.

"பராங்குசா, நீதான் வந்து பாக்கணும்."

"படகைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்?"

"ஒம்போது கஜத்துலே ஒத்தை இழை விட்டிருந்தாக் கண்டுபிடிக்கறவன், பலகையிலே ஓட்டை இருந்தா விட்டுடுவியா?"

"நன்னா இருக்கு நியாயம். நாளைக்கு யானை வாங்கினாலும் இவனைத்தான் கூப்பிடுவியா?" என்றாள் என் அம்மா.

"யானைக்குக் கரையும் முந்தானையும் இருந்தா வருவேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரமா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தான் சரின்னு சொன்னாத்தான் நான் அதுலே கால் வெப்பேன். எனக்கு ஜலம்னாலே பயம்" என்றாள்.

வேறு எந்த ஊரிலும் ஒரு தச்சனைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் புடவை பார்க்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் பார்க்கத் தெரியும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட என்னை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கொட்டகையில் தரகர் பித்தளைக் கைப்பிடியைக் காட்டினார், மெத்தையைக் காட்டினார், புதிதாக அடித்த பச்சை வெள்ளைச் சாயத்தைத் தடவித் தடவிக் காட்டினார். முந்தானையை விரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தேவசகாயம் இயந்திரத்தை முடுக்கினான். முசரவாக்கத்துக்காரன், துரையிடம் அதை ஓட்டிப் பழகியவன்.

"இஞ்சின் கல்லு மாதிரி கீது சாமி. ஒடம்பு எப்படின்னு மட்டும் என்னக் கேக்காதீங்க. அது மர வேலை. எனக்குத் தெரியாது."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்குள் இறங்கினேன். மிதிபலகைகளைக் கழற்றச் சொன்னேன். சிறிய திருநாமமும் பெரிய தொந்தியுமாகக் குப்புறப் படுத்து, விரல் முட்டியால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே ஊர்ந்தேன். கரையில் கூடியிருந்த கூட்டத்துக்கு நல்ல வேடிக்கை. முன்பக்கம் டொக் டொக் என்று பதில் சொன்னது. இயந்திரம் உட்கார்ந்திருந்த கட்டைக்கு அடியில் பொத் என்றது. மறுபடி தட்டினேன். பொத்.

சட்டையில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து அழுத்தினேன். கனிந்த வாழைப்பழத்தில் இறங்குவது போலக் காது வரை இறங்கியது. பக்கத்தில் ஓரிடத்தில், இன்னும் ஓரிடத்தில். எல்லாம் அப்படித்தான். வெளியே வந்து படகின் அடியைத் தடவினேன். சாயத்துக்குக் கீழே தகரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மெதுவாகப் போனால் தகரம் தாங்கும். வேகமாகப் போனால் இயந்திரத்தின் அதிர்வில் அந்தக் கட்டை பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். படகைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கும் இது தெரியும். புடவையிலும் அப்படித்தான், கரை ஒரு பக்கம் இழுக்க, உடல் நைந்திருந்தால், சேருகிற இடத்தில்தான் கிழியும்.

அந்த நிமிஷம் வரை என் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாச்சா என் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டான். தன் அங்கவஸ்திரத்தால் என் முகத்திலிருந்த அழுக்கைத் துடைத்தான். "ரொம்பச் சிரமப்படுத்திட்டேனாடா?" என்றான்.

எவ்வளவு தேடினாலும் இவனிடம் ஒரு குறையும் கிடைக்கப்போவதில்லை என்று அப்போது தோன்றியது.

"நன்னா இருக்கு. வாங்கிக்கோ" என்றேன்.

இதை நான் செய்தது என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகும் பல நாட்கள் இருந்தன. சொல்லியிருக்கலாம். மழை வந்து ஏரி நிரம்பியது. படகைத் தண்ணீரில் இறக்கிக் கரையோரம் கட்டினார்கள். ஒரு நாள் தேவசகாயம் கடைக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"சாமி, அடியில லேசாத் தண்ணி வந்துக்கினே இருக்குது. மொண்டு ஊத்துறேன், மறுபடி வருது. ஐயா கிட்ட சொல்லட்டுமா?"

"காய்ந்து கிடந்த மரம் தண்ணி குடிக்கும் அப்பா. ஊறினால் தானே அடைத்துக்கொள்ளும். அவனைப் பயமுறுத்தாதே" என்றேன்.

"படிச்சவங்க சொன்னா சரி" என்று போய்விட்டான். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பி.ஏ. தவறியது அவனுக்குத் தெரியாது.

முதல் சவாரிக்கு ஜோசியர் நல்ல வேளை குறித்துக் கொடுத்திருந்தார். படகுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். ஆழமான இடம் மதகுப் பக்கம். அங்கே போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பாச்சாவுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் காது வலி என்று அவன் அம்மா குளத்தில் இறங்கவே விட்டதில்லை. இது எனக்குத் தெரியும். உங்களிடம் அன்றைக்குத் தெரியாது என்று சொன்னேன், மன்னிக்க வேண்டும்.

பாச்சாவும் தேவசகாயமும் ஏறினார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. ரமா என்னைப் பார்த்தாள். "ஏறலாமா அத்தான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புடவையைத் தூக்கிப் பிடித்து, வலது காலை எடுத்தாள்.

நான் தும்மினேன்.

வேண்டுமென்றேதான். நாடகத்தில் நடிக்கக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அது நல்ல தும்மல். ஒற்றைத் தும்மல். உடனே எல்லாரும் அப்படியே நின்றார்கள். இரட்டைத் தும்மலானால் தோஷம் இல்லை என்பதால், இரண்டாவது வருமா என்று அவ்வளவு பேரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னை அவ்வளவு ஆவலோடு பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது வரவில்லை.

"பெண்ணே, கால் எடுக்கும்போது ஆயிடுத்து. உக்காந்து ஒரு வாய் தீர்த்தம் சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் என் அம்மா.

"உன் மூக்குக்கு வேளை பொழுதே தெரியலையாடா?" என்று பாச்சா சிரித்தான். "நல்ல வேளை போயிடும். நான் மதகைத் தொட்டுட்டு வந்துடறேன். நீ உக்காருடி, அடுத்த சுத்துக்கு வா."

அவன் ஏறி உட்கார்ந்த பிறகு வந்த தும்மல் அவனுக்குச் சேராது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாஸ்திரப்படி சரிதான். நானும் யோசித்துத்தான் நேரம் பார்த்துத் தும்மினேன்.

படகு மெதுவாகப் போயிற்று. மிகவும் மெதுவாக. தேவசகாயம் எச்சரிக்கைக்காரன். இப்படியே போனால் போய்த் திரும்பிவிடுவார்கள், அப்புறம் ரமா ஏறுவாள் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அவளுக்காகத்தான் கவலை. கையை வாயில் குவித்துக் கத்தினேன்: "என்னடா பாச்சா, கட்டை வண்டி ஓட்டறியா? இதுக்கா இஞ்சின்?"

கரையில் சிரித்தார்கள். பாச்சாவும் சிரித்துக்கொண்டே தேவசகாயத்தின் தோளைத் தட்டி ஏதோ சொன்னான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. மதகுக்கு நேராகப் போனபோது இயந்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது. மாலை மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது.

தேவசகாயத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் நான் அவனைப் பற்றி யோசித்தேன். அவனுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். தனியாக வந்திருக்கலாம். அவன் பாச்சாவைத் தூக்கப் போனான், பாச்சா பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது அவனாக எடுத்த முடிவு. அதில் எனக்குப் பங்கில்லை. அவன் மனைவி லில்லி கரையில் இருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை யார் கையிலோ கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. 'பாவம், புடவை பாக்கறவனுக்குப் படகு தெரியுமா' என்றார்கள். கடையில்கூட நெசவாளர்கள் இப்போது என்னைப் பார்த்தால் வாயை இறுக்கிக்கொள்வதில்லை. தட்டில் புடவையை வைத்துவிட்டு, ஒரு மாதிரி இரக்கத்தோடு நிற்கிறார்கள். ஒரு பயல் நேற்று, "நல்லா பாத்தீங்களா சாமி? எதுக்கும் இன்னொரு தரம் பாருங்க" என்றான். பொறுத்துக்கொண்டேன்.

இன்று காலை ரமாவைப் பார்க்கப் போனேன். அந்தக் கோலத்தில் அவளைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கோ அத்தான். உங்களுக்கு என்ன தெரியும், பாவம். நாங்கதான் தெரியாதவரைப் போய்க் கேட்டோம்" என்றாள்.

அங்கிருந்து நேரே இங்கேதான் வருகிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பலகை உளுத்திருந்தது எனக்குத் தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு தூரத்துக்கு என்று இப்போதும் வரைந்து காட்டுவேன். தெரிந்துதான் அவனை ஏற்றினேன், தெரிந்துதான் வேகமாகப் போகச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உபகாரம். ரமாவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். முதலில் கொஞ்சம் அழுவாள். ஆனால் அந்தத் தும்மல் அவளுக்காகத்தான் என்று தெரிந்தால், இத்தனை வருஷத்தில் தன்னைக் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தவன் யார் என்று அவளுக்குப் புரியும். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.